ஸ்டான் வீட்டுப் புல்

மே மாதம் முழுக்க ஹேசல்டெல் தெருவைச் சுற்றி ஒரே பேச்சு, வெர்லீன் மேபெரிக்கு என்ன ஆயிற்று என்பதுதான். பக்கத்து வீட்டுப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, இவள் பாட்டுக்குச் சும்மா இருக்கிறாள். முப்பது வருடமாகத் தெருச் சங்கத்தின் தலைவி. குப்பைத் தொட்டியைச் சாயங்காலத்துக்கு முன்னால் வெளியே வைத்தவர்களைக் கதவு தட்டிக் கேட்டவள். கிறிஸ்துமஸ் விளக்கைப் பிப்ரவரி வரை கழற்றாத ஒருவனிடம், "ஈஸ்டருக்கும் சேர்த்தே மாட்டிட்டியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தவள். அப்படிப்பட்டவளின் மூக்குக்கு நேரே களை மண்டினால் ஊர் பேசாமல் என்ன செய்யும்?

தபால்காரருக்கே பொறுக்கவில்லை. "மிஸ் வெர்லீன், உடம்புக்கு முடியலையா? வேணும்னா என் மெஷினைக் கொண்டாந்து ஒரு ஓட்டு ஓட்டிவிடறேன்."

"அந்தப் புல்லைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் வெர்லீன். அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் ஆறு வருடமாக ஆள் கிடையாது. ஆனால் தெருவில் போகிற யாருக்கும் அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே வெர்லீன்தான். வாரா வாரம் புல் வெட்டினாள். ஜன்னல்களுக்குத் தன் பழைய திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டுத் தைத்து மாட்டினாள். தன் வீட்டு நிலவறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மேஜை விளக்கு வைத்து, தினம் ஆறு மணிக்குத் தானே எரிந்து பத்துக்கு அணையும்படி செய்திருந்தாள். வராந்தாவில் ஒரு நாற்காலி. கோடையில் நாற்காலி மேல் ஒரு பத்திரிகை. எதிர்வீட்டு ஓலீத்தா காப் ஒரு படி மேலே போய், தன் செத்துப்போன புருஷனின் தோட்டத்துச் செருப்பைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

காலி வீடு என்று தெரிந்தால் முதலில் செம்புக் குழாயைத் திருட வருவார்கள், பிறகு கதவு, பிறகு நெருப்பு. அடுத்த தெருவில் அப்படித்தான் நான்கு வீடுகள் போயின. அதனால் ஹேசல்டெல் தெருச் சங்கம் ஒன்பது காலி வீடுகளுக்கு ஆள் இருக்கிற வேஷம் போட்டு வைத்திருந்தது. மீதமிருந்த குடும்பங்கள் பதினான்கு. எழுபது வயதுக் கிழவிகள் ஆளுக்கு இரண்டு புல்வெளி வெட்டினார்கள். இதை வேறு ஊரில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ப்ரான்ட்வுட் ஹைட்ஸ் என்கிற இந்த ஊரில் இதற்குப் பெயர் ஒழுங்கு.

இந்த ஊர் உண்டானதே இரண்டே வருடத்தில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தகடு அழுத்தும் ஆலைக்கு வந்தவர்களுக்காக, ஏரிக்கரைப் பெருநகரத்தின் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசை வரிசையாகக் கட்டிப்போட்டார்கள். எல்லாம் ஒரே அச்சு: கீழே செங்கல், மேலே பலகை, மாடியில் தலை இடிக்கும் ஒரே அறை, இரண்டு வீட்டுக்கு நடுவே பொதுவாக ஒரு கார்ப் பாதை. நகரத்தில் இருந்தவர்கள் இங்கே வந்தார்கள். இங்கே இருந்தவர்கள் இன்னும் தள்ளி, சோளக்காட்டை அழித்துக் கட்டிய இடத்துக்குப் போனார்கள். அங்கே இருப்பவர்கள் இப்போது அதற்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு வீடு பழசாகும் முன்பே ஆட்களுக்கு அது கசந்துவிடுகிறது.

வெர்லீனும் அவள் புருஷன் லூதரும் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில். இந்தத் தெருவுக்கு வந்த மூன்றாவது கறுப்புக் குடும்பம். அந்த வசந்தத்தில் மட்டும் பதினொரு வெள்ளைக்கார வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. நகர சபை பதறிப்போய் பலகை வைக்கத் தடை போட்டது. மூட்டை கட்டுவதற்கு யார் தடை போடுவது? பலகை இல்லாமலே போனார்கள். பக்கத்து வீட்டு ஸ்டான் ஹ்ரிபார் மட்டும் போகவில்லை. ஆலையில் தகடு அழுத்தும் அச்சு செய்கிற ஸ்லோவேனியக்காரர். அன்பினால் தங்கினார் என்று சொன்னால் பொய். பிடிவாதம். இவர்கள் குடிவந்த மூன்றாம் நாளே கதவைத் தட்டினார்.

"மிசஸ் மேபெரி, பனி விழுந்தா பாதையில பாதி உங்களுது, பாதி என்னுது. நடுவுல பெயிண்ட்ல கோடு போட்டிருக்கேன்."

"நல்லா இருக்கே. பனி உங்க கோட்டைப் பார்த்து விழுமா?" என்று கேட்டாள் வெர்லீன்.

அன்று தொடங்கிய சண்டை நாற்பது வருடம் நடந்தது. அதற்குள் அவர் அவளுக்குத் தக்காளி நாற்று கொடுத்தார், அவள் அவருக்குப் பீச் பழப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள், அவர் மனைவி இறந்தபோது தேவாலயத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவனும் லூதர்தான். கடைசிவரை "மிசஸ் மேபெரி"தான். ஆலை மூடியது. வெர்லீன் எழுத்தராக இருந்த தெருமுனைப் பள்ளிக்கூடத்தை இடித்துப் புல் விதைத்தார்கள். ஸ்டானும் போய்ச் சேர்ந்தார். அரிசோனாவில் இருந்த மகன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது வங்கிக்குப் போய், வங்கியிலிருந்து வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போயிற்று. அந்தக் கம்பெனியின் தொலைபேசி அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும்.

வேஷம் எவ்வளவு போட்டாலும் கூரைக்குத் தெரியுமா? உள்ளே மழை இறங்கியது. மரம் இற்று, கூரைத் தண்ணீரை வாங்குகிற தகரம் கழன்று விழுந்தது. வெர்லீன் ஆள் வைத்து இரண்டு முறை மாட்டினாள். மூன்றாம் முறை வந்தவன், ஆணி பிடிக்க மரமே இல்லை என்று ஏணியை மடக்கிக்கொண்டு போனான். கூரைத் தண்ணீர் முழுக்கப் பொதுப் பாதையில் கொட்டி, நேரே வெர்லீன் வீட்டு நிலவறைச் சுவரில் இறங்கியது. சுவர் உள்பக்கமாகத் தொப்பை போட்டுவிட்டது. நகர சபையிலிருந்து வந்த கட்டட அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வீட்டை இடிச்சுத் தண்ணி நின்னுதுன்னா, இந்தச் சுவத்துக்கு இரும்பு முட்டு குடுத்துச் சமாளிக்கலாம்மா. இல்லேன்னா என்ன முட்டு குடுத்தும் பிரயோஜனமில்ல. அக்டோபர் வரைக்கும் கண்டுக்காம இருக்கேன். அதுக்கப்புறம் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டித்தான் ஆகணும். மேல படுத்திருக்கறவரையும் நான் யோசிக்கணும்ல?"

மேலே படுத்திருந்தது லூதர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடத்தில் ஜன்னலை ஒட்டி ஆஸ்பத்திரிக் கட்டில். முப்பத்தொரு வருடம் அழுத்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்று காது போனவன், அதனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வான். நோய் வந்தபின் அவன் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை எந்த முதியோர் ஹோம்லயும் தள்ளிடாத வெர். இங்கயே கிடந்து இங்கயே போயிடறேன்."

"தெருவுக்கெல்லாம் கேட்குது. கத்தாத" என்றாள் அவள். பிறகு அவன் கையைப் பிடித்து, சரி என்று தலையாட்டினாள். ஐம்பது வருடத்தில் அவன் வேறெதையும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு தலையாட்டலைக் காப்பாற்றுவதுதான் அவளுக்கு மிச்சமிருந்த வேலை.

இடிப்பதற்கான பணம் மாவட்டத்தில் இருந்தது. எந்த வீட்டை இடிப்பது என்பதற்கு ஒரு பட்டியல். பட்டியலுக்கு ஒரு கணக்கெடுப்பு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு கார் வரும். உள்ளே இருப்பவர்கள் இறங்கமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் மெதுவாகப் போய், பார்த்த மாத்திரத்தில் ஏ முதல் எஃப் வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். எஃப் வாங்கினால் இடிப்பு. சென்ற முறை ஸ்டான் வீட்டுக்குக் கிடைத்தது பி. வராந்தாவில் பெயிண்ட் உரிந்திருந்ததால் வெர்லீன் வீட்டுக்குச் சி.

அந்தக் காகிதத்தைப் பார்த்து ஓலீத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சிஸ்டர், உன் வீட்டுல ஆளு இருக்குன்னு காட்ட நீயும் ஒரு செருப்பு வாங்கி வை!"

அதனால்தான் மே மாதம் வெர்லீன் சங்கத்தைத் தன் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னாள்: ஜூனில் கார் வருகிறது, இந்த முறை எஃப் வாங்கியாக வேண்டும், அதுவரை ஸ்டான் வீட்டுப் பக்கம் ஒருவரும் கை வைக்கக்கூடாது. அவளே போய்த் திரைகளைக் கழற்றினாள். விளக்கு, நாற்காலி, செருப்பு எல்லாவற்றையும் எடுத்தாள். ஒரு ஜன்னல் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தாள். உடைத்தபின் பழக்கதோஷத்தில் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கூட்டியதைத் திரும்பக் கொட்டிவிட்டு வந்தாள்.

அந்த ஒரு மாதம் அவள் பட்டது கொஞ்சமல்ல. காலையில் காப்பியோடு ஜன்னலுக்கு வந்தால் கண்ணில் படுவது அந்தப் புல்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்துத் தெரு சங்கத்துக்காரி ஒருத்தி, "உங்க தெருவும் போச்சு போல" என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போனாள். வெர்லீனுக்குத் தூக்கம் வரவில்லை. இருந்தும் தாங்கினாள்.

ஜூன் முதல் வாரம் ஓலீத்தா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வெர்லீன், நான் வீட்டை விக்கிறேன். தெற்கே சார்லட்ல மகன்கிட்டப் போறேன். கண்ணு ரெண்டுலயும் நிழல் விழுது, படியே தெரியல. நாளைக்கு மூணு மணிக்கு ஒரு ஜோடி பார்க்க வராங்க. அவ நர்ஸு, அவன் பஸ் மெக்கானிக். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

சங்கத்தின் பொருளாளர் ஓலீத்தா. எல்லாரும் போனபோதும் போகாத ஓலீத்தா.

"அதுக்கு?" என்றாள் வெர்லீன்.

"என் வராந்தாவுல நின்னா முதல்ல கண்ணுல படறது ஸ்டான் வீடுதான்."

"ஓ! நீ ஊரை விட்டு ஓடறதுக்கு நான் புல்லு வெட்டணுமா?"

"ஓடறேன்னு சொல்லாத. எனக்கு எழுபத்தாறு. நடந்துதான் போறேன்." ஓலீத்தா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு நாள் சிஸ்டர். கார் பதினஞ்சாம் தேதிக்கு மேலதானே? பத்து நாள்ல இந்தப் புல்லு திரும்ப வளர்ந்துடும். ஸ்க்ரீனை மறுநாளே கழட்டிடலாம். புள்ளைங்க இருக்கற குடும்பம் இந்தத் தெருவுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு, சொல்லு?"

பதினோரு வருடம். அது வெர்லீனுக்கே நன்றாகத் தெரியும்.

கட்டிலிலிருந்து லூதர் கத்தினான். "வெட்டிக் குடு வெர்! ஒரு நாள்தானே! ஓலீத்தா அந்தப் புள்ளைங்க முன்னாடி ஏன் தலை குனியணும்?"

"உனக்குக் காது கேட்காதுன்னு யார் சொன்னது?" என்று எரிந்து விழுந்தாள் வெர்லீன். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் ஸ்டான் வீட்டு வாசலில் நின்றாள். அந்த உயரத்துக்கு மெஷின் ஓடாது. முதலில் அரிவாளால் வெட்டி, வாரிக் குவித்து, பிறகு மெஷின் ஓட்டினாள். நடைபாதை ஓரத்தைக் கத்தரியால் நறுக்கினாள். உடைந்த ஜன்னலுக்குப் பின்னால் திரையை இழுத்து மாட்டினாள். நாற்காலி, பத்திரிகை, செருப்பு எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. பன்னிரண்டு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பின்னால் நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் இருந்தது சந்தோஷம்தான்.

மூன்று மணிக்கு ஜோடி வந்தது. நல்ல பிள்ளைகள். அவன் கூரையைப் பார்த்தான், கொதிகலனைத் தட்டிப் பார்த்தான். அவள் சமையலறை அலமாரிகளைத் திறந்து மூடினாள். குழந்தைகள் தலை இடிக்கும் மாடி அறைக்கு ஏறிப்போய், யாருக்கு எந்தப் பக்கம் என்று அடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் கேட்டு ஓலீத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எல்லாரும் வராந்தாவுக்கு வந்தார்கள். வெர்லீன் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"எதிர்ல யாரு இருக்காங்க?" என்று நர்ஸ் பெண் கேட்டாள்.

"அது என் வீடு. பக்கத்துல இருக்கறது ஒரு வயசானவர். ஸ்டான்னு பேரு" என்றாள் வெர்லீன். "ரொம்ப அமைதியான மனுஷன். ஒரு தொந்தரவும் கிடையாது."

"புல்லை எவ்வளவு அழகா வச்சிருக்காரு!"

அப்போதுதான் அந்தக் கார் தெருமுனையில் திரும்பியது. வெள்ளை நிறம், கதவில் மாவட்ட முத்திரை. பதினைந்துக்கு மேல் என்று காகிதத்தில் போட்டிருந்தார்கள், பன்னிரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். நடக்கிற வேகத்தில் வந்தது. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு மூச்சு நின்றது.

வெர்லீன் கையில் ஜூஸ் தட்டு. நாலு எட்டு இறங்கி ஓடிப்போய்க் காரை மறித்து, அது காலி வீடு, உள்ளே கூரை இற்றுக் கிடக்கிறது, ஸ்டான் செத்து ஆறு வருடமாகிறது என்று கத்தினால் போதும். கத்தினால் இந்தப் பெண் கேட்பாள். கேட்டால் இந்தக் குழந்தைகள் அப்படியே காரில் ஏறிப் போய்விடுவார்கள். வெர்லீன் ஓலீத்தாவைப் பார்த்தாள். ஓலீத்தாவும் காரைப் பார்த்துவிட்டாள். நிழல் விழுந்த அந்தக் கண்ணால் அவள் வெர்லீனைப் பார்த்தாள், வேண்டாம் என்று கெஞ்சினாள். போ என்று ஓலீத்தா ஏன் சொல்லவில்லை என்று வெர்லீன் பிறகு பல நாள் கேட்டுக்கொண்டாள். போ என்று அவள் சொல்லியிருந்தாலும் தான் போயிருப்போமா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை.

கார் ஸ்டான் வீட்டு முன் நின்றது. இரண்டு மூச்சு. பிறகு நகர்ந்தது.

"ஐஸ் இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று நர்ஸ் பெண்ணிடம் கேட்டாள் வெர்லீன்.

ஜோடி கிளம்பியதும் அவள் ஓடினாள். எழுபத்து நான்கு வயதில், காலையிலிருந்து புல் வெட்டிய காலோடு, இரண்டு தெரு தாண்டி அந்தக் காரைப் பிடித்தாள். உள்ளே ஓர் இளம்பெண்ணும், கட்டைமீசை வைத்த ஒருவரும்.

"ஹேசல்டெல்ல நாப்பத்தொண்ணு நம்பர்... அது காலி வீடு. ஆளே இல்ல."

பெண் கையிலிருந்த தொடுதிரையைத் தட்டிப் பார்த்தாள். "ஆள் இருக்கறதா போட்டிருக்கே மேடம். ஸ்க்ரீன் இருக்கு, செருப்பு இருக்கு. புல்லு இன்னைக்குத்தான் வெட்டியிருக்கு."

"நான்தான் வெட்டினேன்!"

"உங்க வீடா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வெட்டினீங்க?"

வெர்லீன் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். நகத்தில் இன்னும் புல்லின் பச்சை போகவில்லை. மீசைக்காரர் இரக்கமுள்ளவர்தான். "நாங்க பார்த்ததைத்தான் எழுத முடியும்மா. அனுப்பினா திருத்த முடியாது. மனு எழுதிப் போடுங்க, அடுத்த தடவை பார்ப்பாங்க" என்றார். அடுத்த தடவை என்றால் இரண்டு வருடம்.

மனு எழுதினாள். மூன்று எழுதினாள். ஒன்றுக்குப் பதில் வந்தது, கிடைத்தது என்று.

அந்த நல்ல பிள்ளைகள் ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார்கள். நெடுஞ்சாலை தாண்டி, புதுப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிற இடத்தில் வேறு வீடு கிடைத்துவிட்டதாம். ஓலீத்தா வந்த விலைக்கு ஒரு கம்பெனிக்குத் தள்ளிவிட்டு ஆகஸ்டில் கிளம்பினாள். கட்டிப்பிடித்து அழுதாள். வெர்லீனும் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், ஆனால் அழவில்லை. மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், வாய் வரவில்லை. சார்லட்டிலிருந்து வந்த இரண்டு போன்களை அவள் எடுக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை நிலவறைச் சுவர் ஒரு கார் நுழையும் அளவுக்கு உள்ளே சரிந்து, துணி துவைக்கும் மெஷின் மேல் மண் கொட்டிக் கிடந்தது. அதிகாரி வந்தார். கதவில் நோட்டீஸை ஒட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டி முடித்து, மூலையில் சுருங்கியிருந்ததை நகத்தால் நீவிவிட்டார். பத்து நாள் கெடு.

லூதரைத் தூக்கிப் பராமரிக்க வசதியுள்ள இடம் எதுவும் பக்கத்தில் இல்லை. இருபத்தைந்து மைல் தள்ளி, எழுபத்தொன்றில் இந்தத் தெருவிலிருந்து போனவர்கள் போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு ஹோமில் கட்டில் கிடைத்தது. ஓர் அறையில் மூன்று ஆண்கள். அவளுக்கு அங்கே இடம் கிடையாது. தேவாலயத்துத் தோழி ஒருத்தியின் பின்னறையில் தங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் இல்லை.

வேன் வந்தது புதன்கிழமை காலை. ஓட்டுநர் பெரிய உடம்புக்காரர், மெதுவான கை. லூதரைச் சக்கரக் கட்டிலில் வைத்து, பட்டை கட்டி, வாசலுக்குக் கொண்டுவந்தார். வெர்லீன் அவன் பக்கத்தில் நடந்தாள். முந்தின நாளிலிருந்து அவனிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, என்னை மன்னித்துவிடு என்று. அதை எப்படிக் காதுகேளாதவனிடம் தெருவில் வைத்துக் கத்திச் சொல்வது?

வேன் கதவருகே லூதர் இடது கையைத் தூக்கி ஓட்டுநரை நிறுத்தினான். வழக்கம்போல் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"தம்பி, நான் இந்த வீட்டுலயே செத்துடறதா பேச்சு. இவ எல்லாம் சரியாத்தான் பார்த்துக்கிட்டா. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

ஓட்டுநர் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த பட்டையை இன்னொரு முறை இறுக்கினார்.

"கத்தாத லூதர்" என்றாள் வெர்லீன். அவளுக்கு அது மட்டும்தான் சொல்ல வந்தது.